களை எடுக்கிற வேகத்தில் ஹேம்குண்ட்

தீர்த்தமலைப் படிகளில் மாமா என்னை முந்திக்கொண்டு போனது எத்தனை தடவை என்று கணக்கே கிடையாது. அக்கா வீட்டுக்காரர், அரூர் பக்கம் குச்சிக்கிழங்கும் மஞ்சளும் போடுகிற மனுஷன். 56 வயது. நான் அடிவாரக் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஷூ கயிற்றைக் கட்டி நிமிர்வதற்குள் அவர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருப்பார். அக்கா எப்போதும் கடைசி. குரங்குக்குப் பயந்து பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, ஒரே சீராக, யாரோடும் பேசாமல் வந்து சேருவாள்.

அதனால் ஹேம்குண்ட் ஏரிக்குப் போகலாம் என்று பேச்சு வந்தபோது, கவலைப்பட வேண்டியது அக்காவைப் பற்றித்தான் என்று மூன்று பேருமே முடிவு கட்டிவிட்டோம். 52 வயது, தினமும் பிரஷர் மாத்திரை, கொஞ்சம் முட்டி வலி. கடைசியில் பாதி மலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது மாமா. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். நம்ம பக்கத்திலிருந்து இமயமலைக்குக் கிளம்புகிறவர்கள் இப்போது அதிகம், யாருக்காவது உதவும்.

ஹேம்குண்ட் இருப்பது உத்தரகாண்டில், சமோலி மாவட்டத்தில். பனிச் சிகரங்களுக்கு நடுவே ஒரு ஏரி, கரையில் சீக்கியர்களின் குருத்வாரா, பக்கத்திலேயே சின்னதாக லட்சுமணர் கோயில். ஏழு சிகரம் சூழ்ந்த இந்த இடத்தில்தான் குரு கோவிந்த் சிங் முற்பிறவியில் தவம் செய்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. வருஷத்தில் ஏறக்குறைய ஜூன் முதல் அக்டோபர் முதல் பாதி வரைதான் வழி திறந்திருக்கும். மேலே இரவு தங்க முடியாது. கீழே காங்கரியா என்ற ஊரில் தங்கி, விடியற்காலையில் கிளம்பி 6 கிலோமீட்டர் ஏற வேண்டும். மதியம் 2 மணிக்கு எல்லாரையும் இறக்கிவிடத் தொடங்கிவிடுவார்கள்.

6 கிலோமீட்டர் என்றதும் மாமா சிரித்தார். "நம்ம தோட்டத்துல ஒரு நாளைக்கு நான் நடக்கறதே அதுக்கு மேல இருக்கும் மாப்ள."

நானும் சிரித்தேன். கணக்கை இப்படிப் போட்டிருந்தால் சிரித்திருக்க மாட்டோம்: ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி. ஏற்காட்டின் மேல் இன்னொரு ஏற்காட்டைத் தூக்கி வைத்தால் காங்கரியா வரும். அதற்கும் மேலே மூன்றாவதாக ஒரு ஏற்காட்டை வைத்தால்தான் ஏரி. ஏரியின் உயரம் ஒவ்வொரு பலகையிலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறது. எதை எடுத்தாலும் 14,000 அடிக்குக் குறையாது.

அக்கா ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தாள். ஏரியைப் பார்த்துவிட்டு பத்ரிநாத் போக வேண்டும். 108 திவ்ய தேசத்தில் வடக்கே இருப்பதை இந்த ஜென்மத்தில் பார்க்க வாய்ப்பு வருமா என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். காங்கரியாவுக்கு நடக்கத் தொடங்குகிற இடத்துக்கு அருகே உள்ள கோவிந்த்காட்டிலிருந்து பத்ரிநாத் 25 கிலோமீட்டர் சுமாருக்குத்தான். சரி, அதற்கு இரண்டு நாள் ஒதுக்கினோம். அந்த இரண்டு நாள்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது, அக்காவின் செலவில்.

மூன்று மாதம் பயிற்சி செய்தோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாரம் தீர்த்தமலை, ஒரு வாரம் ராயக்கோட்டை. தர்மபுரியிலிருந்து ரயிலிலேயே ராயக்கோட்டைக்குப் போய்விடலாம். 1791இல் மைசூர்ப் போரில் மேஜர் கௌடியின் படை பிடித்த கோட்டை அது. அடுத்த வருஷ ஒப்பந்தத்தில் பாராமகால் என்று அப்போது சொன்ன நம்ம பக்கம் கிழக்கிந்திய கம்பெனிக்காரர்கள் கைக்குப் போனது. சிப்பாய்கள் துப்பாக்கியோடு அந்தப் பாறையில் எப்படி ஏறினார்கள் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன். பையில் ஐந்து கிலோ அரிசிப் பொட்டலத்தைப் போட்டுக்கொண்டு ஏறினால் நமக்கே நாக்கு தள்ளுகிறது. மேலே பாறைக் குழியில் பாசி பிடித்த சுனைத் தண்ணீர், காற்று, கீழே தீப்பெட்டி மாதிரி ரயில். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஒன்பது மணிக்குப் பாறை தோசைக்கல் ஆகிவிடும்.

இந்தப் பயிற்சி வீண் என்று சொல்ல மாட்டேன். முக்கியமாக ராயக்கோட்டைப் பாறையில் இறங்கிப் பழகியது தொடைக்கும் முட்டிக்கும் நல்ல பாடம். புது ஷூவும் அங்கேயே கடித்து முடித்துவிட்டது. கடைசி நேரத்தில் புது ஷூ வாங்கிக்கொண்டு வந்தவர்கள் காங்கரியாவில் நொண்டியதைப் பார்த்தேன். ஆனால் நம்ம மலைகள் கால்களுக்குத்தான் பாடம் நடத்தும். மூச்சு விஷயத்தில் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

அக்காவை மட்டும் டாக்டரிடம் அழைத்துப்போனேன். பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது, தண்ணீர் நிறைய, அவசரம் கூடாது என்றார். உயரத்துக்குப் பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை பற்றியும் சொன்னார். ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும், விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அக்காவுக்கு எழுதிக் கொடுத்தார். மாமாவிடம் கேட்டதற்கு, "எனக்கு எதுக்கு? நான் என்ன நோயாளியா?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. அவரை டாக்டரிடம் கூட்டிப் போகாதது என் தப்பு.

செப்டம்பர் முதல் வாரம் கிளம்பினோம். பெங்களூரு போய் விமானத்தில் டெல்லி, அங்கிருந்து ஹரித்வார். ஹரித்வாரில் விடியற்காலை வண்டி பிடித்தால் ஜோஷிமட் போய்ச் சேர ஒரு முழுப் பகல். தேவப்ரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் இரண்டு நிறத்தில் வந்து கலப்பதைப் பார்த்து அக்கா ஜன்னல் வழியாகவே கைகூப்பினாள். அதுவும் ஒரு திவ்ய தேசம்தான், வண்டி நிற்கவில்லை. பீப்பல்கோட்டிக்குக் கொஞ்சம் முன்னால் மண் சரிந்து ரோடு அடைந்துவிட்டது. நான்கு மணி நேரம். மழைக்காலம் முடிகிற நேரத்தில் அந்த ரோட்டில் இது சகஜம் என்று டிரைவர் பீடி பற்ற வைத்தார். நாங்கள் புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறந்து ரொட்டியில் தடவிச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

அந்த நான்கு மணி நேரம் எங்கள் மொத்தத் திட்டத்தையும் ஒரு படி பின்னால் தள்ளியது. ஜோஷிமட்டுக்கு நடுராத்திரி. மறுநாள் லேட்டாக எழுந்து, கோவிந்த்காட் போய், ஷேர் ஜீப்பில் புல்னா வரை போய், அங்கிருந்து காங்கரியாவுக்கு நடை. பத்து கிலோமீட்டர் சுமார், பூரா ஏற்றம், ஆனால் மரங்களும் ஆறும் கூடவே வருவதால் அலுப்பு தெரியாது. காங்கரியாவில் கால் வைக்கும்போது இருட்டிவிட்டது. ஹரித்வாரில் ஆயிரம் அடி உயரத்தில் இருந்தவர்கள் இரண்டே நாளில் பத்தாயிரம் அடியில் படுத்திருக்கிறோம். யாருக்கும் தூக்கம் சரியில்லை. மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "களி இல்லாத ஊர்ல எப்படிரா பசிக்கும்" என்றார். அதை நாங்கள் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டோம். பசியின்மை உயர நோயின் முதல் அடையாளங்களில் ஒன்று என்று எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

காலையில் கிளம்பியது எட்டே முக்கால். ஐந்தரைக்குக் கிளம்பியிருக்க வேண்டியது. வெந்நீருக்குக் காத்திருந்தோம், டீக்குக் காத்திருந்தோம், ரெயின்கோட்டைத் தேடினோம். வெளியே வந்தபோது கும்பல் எல்லாம் மேலே போய்விட்டிருந்தது. இரண்டு மணி என்ற கெடு தலையில் உட்கார்ந்துகொண்டது. ஊரைத் தாண்டியதும் வழி பிரிகிறது: இடது பக்கம் பூப்பள்ளத்தாக்கு, வலது பக்கம் ஹேம்குண்ட். வலது பக்கம் திரும்பிய நிமிஷத்திலிருந்து மாமா தீர்த்தமலை வேகத்தைப் பிடித்தார்.

கல் பாவிய பாதை, வளைந்து வளைந்து மேலே போகிறது. கோவேறு கழுதைகள் ஏறி இறங்கியபடியே இருக்கும். அவை வந்தால் மலைப் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் நிற்கவே கூடாது. சாணமும் தூறலும் சேர்ந்து கல் வழுக்கும். குறுக்குவழியில் ஏறுகிறேன் என்று மாமா இரண்டு வளைவுகளை வெட்டினார். பூர்ஜ மரங்கள் ஒரு இடத்தோடு நின்றுவிட்டன. வெள்ளைப் பட்டை காகிதம் மாதிரி உரிந்து தொங்கும் மரம், அந்தக் காலத்தில் அதில்தான் எழுதினார்களாம். அதற்கு மேலே புல்லும் பாறையும்தான்.

ஒரு தார்ப்பாய் டீக்கடையில் அவரைப் பிடித்தோம். பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடியிருந்தார். டீ வேண்டாம் என்றார். மாமா டீயை மறுத்து நான் பார்த்ததில்லை.

"ஏங்க, என்ன பண்ணுது?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் இல்ல. பொட்டுல யாரோ உலக்கைய போட்டு இடிக்கற மாதிரி இருக்குது. போலாம் வாங்க, மணி ஆகுது."

எழுந்தார், நாலு எட்டு வைத்தார், ஓரமாய்ப் போய் வாந்தி எடுத்தார்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் என் பையில் இருந்தது. ரத்த ஆக்சிஜன் அவருக்கு 77. எனக்கு 82. அக்காவுக்கு 84. அந்த உயரத்தில் எண்பதைச் சுற்றி இருப்பது பெரிய அதிசயம் இல்லை. எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் கூடாது, தைரியம் கொள்ளவும் கூடாது. ஆளைப் பார்க்க வேண்டும். தலைவலி, வாந்தி, பசியின்மை, எரிச்சல் நான்கும் இருந்தன. பாதையில் கற்கள் நேராகச் சேர்கிற ஒரு கோட்டைக் காட்டி, ஒரு காலின் விரலை ஒட்டி அடுத்த காலின் குதிகாலை வைத்து அதன் மேல் நடக்கச் சொன்னேன். "என்னடா, குடிச்சிருக்கேன்னு பாக்கறியா?" என்று திட்டிக்கொண்டே நேராக நடந்தார். நிம்மதியாக இருந்தது. அந்தக் கோட்டில் தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்கிற கட்டம். அப்போது ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் இறக்கிவிட வேண்டும்; தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

இது அந்தக் கட்டம் இல்லை. ஆனாலும் இறங்கலாம் என்றேன். மாமாவுக்குக் கோபம். "இவ்வளவு தூரம் வந்துட்டு? இன்னும் ஒண்ணரை கிலோமீட்டர்தான்னு போட்டிருக்கான். ஒரு தலைவலி மாத்திரைய கொடு, ஏறிடறேன்." மாத்திரை கொடுத்தால் வலி மறைந்திருக்கும், நோய் மறைந்திருக்காது. அதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு வாய் வரவில்லை. அக்காதான் முடித்து வைத்தாள். ஒன்றும் பேசாமல் தன் பையை எடுத்து மாட்டிக்கொண்டு கீழ்நோக்கி நடக்க ஆரம்பித்தாள். பொண்டாட்டி இறங்கினால் மாமா என்ன செய்வார், பின்னாலேயே வந்தார்.

வேடிக்கை என்னவென்றால், பூர்ஜ மரங்கள் மறுபடி தென்பட்டபோதே அவர் முகம் தெளிந்துவிட்டது. இன்னும் கீழே வந்ததும், "டீ குடிக்கலாமா" என்றார். உயர நோய்க்கு இறங்குவதைவிடப் பெரிய மருந்து கிடையாது என்று படித்திருந்தேன். அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

மாமாவுக்கு ஏன், அக்காவுக்கு ஏன் இல்லை? ராத்திரி கம்பளிக்குள் படுத்துக்கொண்டு இதைத்தான் யோசித்தேன். அக்கா டயமாக்ஸ் போட்டிருந்தாள், அது ஒரு காரணம். ஆனால் அதைவிட, வேகம். ஏரிக்கரையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம். காற்றில் ஆக்சிஜன் பங்கு அதேதான், ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற சரக்கு குறைவு. உடம்பு அதற்கு ஈடுகட்டப் பழக நேரம் வேண்டும். நல்ல உழைப்பாளி உடம்பு என்பதற்காக அது சீக்கிரம் பழகிவிடுவதில்லை. சொல்லப்போனால் பலசாலிகள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கால் வலித்து நிற்க வேண்டிய இடத்தில் அவர்களுக்குக் கால் வலிப்பதில்லை. 2,500 மீட்டருக்கு மேல் போனால், படுக்கிற இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்று மலையேறுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஜோஷிமட்டிலிருந்து ஒரே தாவலில் ஆயிரத்துக்கு மேல் தாவியிருந்தோம்.

மறுநாள் காலையில் பத்ரிநாத் பேச்சை நான் எடுக்கவே தயங்கினேன். இருந்த இரண்டு நாளில் ஒன்று, இறங்கி பத்ரிநாத் போகலாம். அல்லது ஒரு நாள் இங்கேயே ஓய்வெடுத்து, அடுத்த நாள் மறுபடி ஏரிக்கு முயலலாம். இரண்டும் முடியாது. மாமா, "பத்ரிநாத்துக்கே போலாம், எனக்கு ஏரி வேணாம்" என்றார். குற்ற உணர்ச்சி. அக்கா டீ டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். "பெருமாள் எங்கயும் போயிட மாட்டாரு. பாதியில விட்டுட்டுப் போனா இவரு வருஷம் பூரா அதையே சொல்லிட்டிருப்பாரு" என்றாள்.

ஓய்வு நாள் என்றால் கட்டிலில் படுத்திருப்பது இல்லை. பூப்பள்ளத்தாக்கு வழியில் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஏறி, உட்கார்ந்து, இறங்கிவந்தோம். பகலில் உயரத்தைத் தொட்டுவிட்டு ராத்திரி கீழே வந்து படுத்தால் உடம்பு பழகும். 2005இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கிற இடம், அதை ஓய்வு நாளின் துணுக்காகப் பார்த்தது கொஞ்சம் அநியாயம்தான். பூக்கள் முடிகிற பருவம், ஆனாலும் சரிவெல்லாம் ஊதாவும் மஞ்சளும். மாமா அன்று இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டார். தலைவலி துளியும் இல்லை. இருந்திருந்தால் மறுபடி ஏறியிருக்க மாட்டோம்.

மூன்றாம் நாள் ஐந்து மணிக்கே வாசலில் நின்றோம். பாட்டில்கள் ராத்திரியே நிரப்பியாயிற்று, ரெயின்கோட் பையின் மேல்மடிப்பில். ஒரே ஒரு விதி: அக்கா முன்னால், யாரும் அவளைத் தாண்டக் கூடாது.

அக்காவின் நடையை அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கவனித்தேன். களை எடுக்கிற பெண்கள் வரிசையில் உட்கார்ந்து நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தால் நகர்கிற மாதிரியே இருக்காது. டீ வருகிற நேரத்துக்குப் பாத்தி முடிந்திருக்கும். அதே கணக்கு. சின்னச் சின்ன எட்டு. ஒரு கால் முழுக்க ஊன்றிய பிறகுதான் அடுத்தது. செங்குத்தான இடத்தில் எட்டு இன்னும் சுருங்குமே தவிர நிற்காது. நடந்தபடியே பேச முடிகிற அளவுக்கு மூச்சு. முதல் ஒரு மணி நேரம் மாமாவுக்குச் சித்திரவதை. "இப்படிப் போனா தீபாவளிக்குத்தான் போய்ச் சேருவோம்" என்றார். எங்களை விறுவிறுவென்று தாண்டிப்போன இளவட்டங்கள் பத்து பேர் இருக்கும். அடுத்த வளைவில் முட்டியில் கையை ஊன்றி நிற்பார்கள், நாங்கள் தாண்டுவோம், மறுபடி தாண்டுவார்கள், மறுபடி நிற்பார்கள். நாலாவது தடவை மாமா அவர்களைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு புலம்பவில்லை.

முக்கால் மணிக்கு ஒரு தடவை நிறுத்தம், ஐந்தே நிமிஷம். அதற்கு மேல் உட்கார்ந்தால் வியர்வை குளிர்ந்துவிடும். தாகம் எடுக்காவிட்டாலும் நாலு மடக்கு தண்ணீர். வாயில் தேன்நெல்லி. குமட்டுகிற மாதிரி இருக்கும்போது அந்தப் புளிப்பு கேட்கிறது. அதியமான் ஊர்க்காரர்கள் நெல்லி இல்லாமல் மலை ஏறுவதா என்று அதைக் கட்டிக் கொடுத்தது என் அம்மா. கடலை உருண்டை நல்லதுதான், ஆனால் அந்தக் குளிரில் கல்லாகிவிட்டது, பல் ஜாக்கிரதை.

முந்தாநாள் உட்கார்ந்த அதே டீக்கடை. கடைக்காரர் மாமாவை அடையாளம் கண்டு நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். இந்தத் தடவை மாமா டீ குடித்தார், சர்க்கரை கூடப் போடச் சொல்லி. அதற்கு மேலே பாதை இரண்டாகிறது: சுற்றிப்போகிற வளைவுப் பாதை, நேராக ஏறுகிற படிக்கட்டு. படிக்கட்டு தூரம் குறைவு என்று சொல்லி ஆயிரம் படிக்கு மேல் ஏறவிடுவார்கள். அக்கா படிகளை ஒரு பார்வை பார்த்தாள், வளைவுப் பாதையில் திரும்பினாள். ஏறுவதற்கு வளைவு, முட்டி நன்றாக இருந்தாலும் இறங்குவதற்கும் வளைவுதான் என்பது என் கட்சி.

மேலே மூடுபனி. முதலில் தெரிவது குருத்வாராவின் கூரை, ஐந்து மூலையாக விரிந்த தகரக் குடை மாதிரி. ஏரி அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கட்டடத்தைச் சுற்றிப் போகும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணில் படாது. மணி பத்தே முக்கால்.

தலையை மூடாமல் உள்ளே போக முடியாது. நாங்கள் கைக்குட்டை தேடிக்கொண்டிருந்தபோது மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து, வயலில் கட்டுகிற முண்டாசை இரண்டே சுற்றில் கட்டி முடித்தார். வாசலில் நின்ற ஒரு வயதான சர்தார், தன் தலைப்பாகையைத் தொட்டுக் காட்டி, பிறகு மாமாவின் முண்டாசைத் தொட்டு ஏதோ சொன்னார். பாஷை புரியவில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குலுக்கினார்கள். லங்கர் என்கிற அவர்களுடைய பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் ஆவி பறக்கிற கிச்சடியும் டீயும். "பருப்பு சாதத்தையே கொழைய வெச்சிருக்காங்கடா" என்று சொல்லி அக்கா இன்னொரு தடவை வாங்கினாள்.

கரைக்குப் போனபோது பனி கொஞ்சம் விலகியது. முழுசாக விலகவில்லை, எதிர்ப்பக்கம் கறுத்த பாறைச் சரிவு மட்டும் பாதி தெரிந்தது, சிகரங்களை எண்ண முடியவில்லை. தண்ணீர் கரையோரம் கண்ணாடி, கொஞ்சம் தள்ளி பச்சை, அதற்கப்பால் நிறமே சொல்ல முடியாத ஒரு கறுப்பு. அடியில் கிடக்கிற கூழாங்கல் ஒவ்வொன்றையும் எண்ணலாம். சில பேர் சட்டையைக் கழற்றி முங்கினார்கள். நான் கையை மட்டும் விட்டேன். பத்து எண்ணுவதற்குள் விரல் யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. மேல்சரிவில் பிரம்ம கமலம் பூத்திருந்தது. பெயரைக் கேட்டு என்னவோ நினைத்திருந்தேன். வெளிறிய பச்சையில், காகிதத்தில் சுற்றிவைத்த சின்ன முட்டைக்கோஸ் மாதிரி இருக்கிறது. பறிக்கக் கூடாது.

அக்கா ஏரியை விவசாயி கண்ணால் பார்த்தாள். "கரையே இல்லையேடா. மதகு எங்க?" என்றாள். தண்ணீர் வழிந்து வெளியே போகிற பக்கத்தைக் காட்டினேன். அங்கிருந்து கிளம்புகிற ஓடைதான் லட்சுமண கங்கை. நாங்கள் மூன்று நாளாகச் சத்தம் கேட்டுக்கொண்டே நடந்தது அதன் பக்கத்தில்தான். காங்கரியா அருகே புஷ்பவதியோடு சேர்ந்து, கோவிந்த்காட்டில் அலக்நந்தாவில் விழுகிறது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கோடி போவுதுடா" என்றாள்.

எங்கள் பக்கம் ஏரி நிரம்பி வழிவதைக் கோடி போவது என்போம். அது நடக்கிற வருஷம் ஊரே போய் நின்று பார்க்கும்.

லட்சுமணர் கோயிலில் கூட்டம் இல்லை. "இளைய பெருமாள்" என்று அக்கா முணுமுணுத்தாள். பத்ரிநாத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தீர்த்தமலையில ராமர் அம்பு விட்டு தண்ணி எடுத்தாரு. தம்பி இங்க வந்து ஏரிய புடிச்சிட்டாரு பாரு" என்றாள்.

ஒரு மணிக்கே இறங்கத் தொடங்கினோம், இரண்டு வரை நிற்கவில்லை. மதியத்துக்கு மேல் மழை வரும் என்பது அங்கே அனேகமாக நிச்சயம், வந்தது. இறக்கத்தைப் பற்றி எழுத நிறைய இல்லை, ஆனால் மூன்று பேருக்கும் அதிகமாக வலித்தது அதுதான். மூங்கில் கைத்தடி ஆளுக்கு ஒன்று வாங்கியிருந்தோம், ஒன்று போதாது, முட்டி வலிக்காரர்களுக்கு இரண்டு வேண்டும். பிளாஸ்டிக் ரெயின்கோட் முதல் காற்றிலேயே அக்குளில் கிழிந்தது. பைக்கு உள்ளே துணிகளைத் தனித்தனி கவரில் கட்டியதால் மாற்று சாக்ஸ் காய்ந்தபடி இருந்தது. அந்த ராத்திரி அதைவிடப் பெரிய சுகம் வேறில்லை.

கோவிந்த்காட்டிலிருந்து ஏரி வரை 12.4 கிலோமீட்டருக்கு ரோப் கார் போட 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு அது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தபடியே அவ்வளவு உயரத்துக்குப் போய் இறங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு மாமா துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்ததுதான் ஞாபகம் வருகிறது. அவராவது டீக்கடை வரை நடந்து வந்தார்.

மறுபடி போனால் ஜோஷிமட்டில் ஒரு நாள், காங்கரியாவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டுத்தான் ஏறுவேன். திரும்புகிற டிக்கெட்டுக்கு முன்னால் ஒரு வெறும் நாள் வைப்பேன், மண்சரிவுக்கென்றே. யார் பலசாலி என்று நினைக்கிறோமோ அவரைத்தான் முதலில் டாக்டரிடம் கூட்டிப் போவேன்.

அக்கா அரை லிட்டர் பாட்டிலில் ஏரித் தண்ணீர் பிடித்து வந்திருந்தாள். விமானத்துக்காக அதைப் பெரிய பையில் துணிகளுக்கு நடுவே வைத்து அனுப்பினோம். ஊருக்கு வந்ததும் சாமி மாடத்தில் வைத்தாள். போன வாரம் போயிருந்தபோது பாட்டில் முக்கால்தான் இருந்தது. யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டேன். தோட்டத்துக் கிணற்றில் ஒரு மூடி ஊற்றினாளாம். கட்டிலில் படுத்திருந்த மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஒரு மூடியெல்லாம் பத்தாது. பூராவும் ஊத்தச் சொல்லு, கோடி போகட்டும்."